காயக்கூடாத வெள்ளைப் பொடி

செவ்வாய்க்கிழமை, இரவு

உம்மா தூங்கும்வரை காத்திருந்து எழுதுகிறேன்.

இன்று ஆய்வுகூடத்தில், அமோனியா சேர்த்த வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலுக்குள் எதைன் எனும் அசெற்றிலீன் வாயுவைச் செலுத்தினோம். வெள்ளை வீழ்படிவு வந்தது. கண்காட்சிக்குப் போத்தலில் வைக்கலாம் என்று இரசாயன சேர் அதை வடிதாளோடு யன்னலில் காய வைத்தார். காய்ந்தபின் லேசாகத் தட்டினாலே அது வெடிக்கும். சேரிடம் அதைச் சொன்னேன்.

"ஓடுங்க புள்ளையள், குண்டு வெடிக்கப் போகுதாம்!" என்றார். வகுப்பே சிரித்தது.

அவர் வெளியே போனதும், ஈரம் காயுமுன் நீர் கலந்து ஐதாக்கிய நைத்திரிக்கமிலத்தை ஊற்றி அழித்துவிட்டேன். சேர் திரும்பி வந்து கண்டுவிட்டார். நாளை பாடசாலை அதிபர் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்காவிட்டால் இனி ஆய்வுகூடத்துக்குள் விடமாட்டாராம்.

உம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தா. "வெடிக்கும் எண்ட சொல்ல எங்கட முஸ்லிம் புள்ளையள் வாயில எடுக்கலாமா மகள்? ஆரும் கேட்டா... மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு."

எனக்கும் அந்தச் சொல் பயம்தான். ஆனால் அதற்கு வேறு சொல் இல்லை. அந்த யன்னலுக்குக் கீழேதான் வகுப்பில் பர்ஹானா உட்காரும் கதிரை. அவளும்தான் சிரித்தாள், சிரிக்கட்டும்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். என்ன நடந்தது என்று அதிபர் கேட்டால், வெடிக்கும் என்றே சொல்லப்போகிறேன். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்வேன்.