குதிரையின் எலும்பில் விழுந்த குழி

அன்புள்ள மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

கற்பிட்டிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் ரிஸ்மியின் குதிரை இரண்டு மாதமாக நொண்டியது. குளம்புக்குள் சீழ் என்று நினைத்து மருந்து கட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பேராதனை மிருக வைத்தியசாலைக்கு, உனக்கு அனுப்பினேன். அரைமணியில் உன் குரல் பதிவு வந்தது. "குளம்பில ஒண்டுமில்ல. மேல, எலும்புக்குள்ள குழி விழுந்திருக்கு. எங்கட வார்ட்டு ஃபர்ஹாத் டொக்டர்தான் கண்டு சொன்னார்."

பின்னால் அவர் சிரிப்பதும் கேட்டது. என்ன சிரிப்பு என்று நான் கேட்கமாட்டேன்.

ஆனால் மூன்று நாளாக ரிஸ்மியிடம் எதுவும் சொல்லவில்லை. பழைய மருந்தையே கட்டினேன். நேற்றுப் போனபோது குதிரை எழும்பவில்லை. ரிஸ்மி அதன் கழுத்தைத் தடவியபடி, "டொக்டர், உங்கள நம்பித்தானே இரிக்கம்" என்றான். வெட்கத்தோடு மணலில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன்.

"ஆரு கண்டுபுடிச்ச?"

"என்ட வைஃப்" என்றேன். அந்த மனிதரின் பெயர் வாயில் வரவில்லை.

குழியைச் சுரண்டி மருந்து வைக்க எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வா. அவருடைய காரில் வருவதானால், நீ பின் சீட்டில் இரு.

இப்படிக்கு,
உன் கணவன்