மெழுகு ஊற்றிய வண்டி

நன்னிலம்
11.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

லின்சி எழுதுகிறேன். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அப்பா இருமினாலே டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

உன் முகவரியை நம் மாமாவின் கைப்பேசியிலிருந்து என்கூடப் படிக்கும் ஹுமைராதான் எடுத்துக் கொடுத்தாள். பதிலை அவள் அப்பா மீரா உசேனின் மளிகைக் கடை முகவரிக்கு அனுப்பு. நம் வீட்டுக்கு வந்தால் அப்பா பார்த்துவிடுவார். நீ போன பிறகு இங்கே யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. அம்மா மட்டும் ஜெபத்தில் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பார்.

நீ வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு, பொம்மை வண்டி ஓட்டிக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் விடும் முறையைத் தவறவிட்டாய் என்ற கோபத்தில் அப்பா உன் ரிமோட்டை வாய்க்காலில் வீசினாரே, வண்டியை மட்டும் நான் எடுத்து நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அதை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசை. கடையில் புது ரிமோட் மட்டும் வாங்கினால் போதுமா? என்ன கேட்டு வாங்குவது என்றுகூடத் தெரியவில்லை.

இத்தனை நாள் எழுதாததற்கு என் மேல் உனக்குக் கோபம் இல்லை என்றால் எழுது.

உன் தங்கை,
லின்சி


ஓசூர்
18.8.2024

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். முதலாளி, "என்னப்பா, காதல் கடிதமா?" என்றார். "தங்கச்சி, ரிமோட் செட் கேக்குறா" என்றேன். அவருக்கும் சந்தோஷம். இங்கே டிரோனும் ரிமோட் வண்டியும் பழுது பார்ப்பதுதான் என் வேலை.

உன் மேல் எனக்கு என்ன கோபம்? அந்த வண்டியை நான் வாங்கும்போதே அது பழையது. தஞ்சாவூரில் ஒருவர் ஓட்டித் தேய்த்தது. அதைப் போய் பத்திரமாக வைத்திருக்கிறாயே, நன்றி பாப்பா.

ரிமோட் மட்டும் வாங்கினால் ஓடாது. வண்டிக்குள் தீப்பெட்டி மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் ரிசீவர். ரிமோட்டும் அதுவும் ஒரே ஜோடியாக இருந்தால்தான் பேசிக்கொள்ளும். என்னிடம் இரண்டு செட் இருக்கிறது. ஒன்று பழையது, உன் உயரத்துக்கு ஏரியல் நீளும். பக்கத்தில் வேறு யாராவது ஓட்டினால் குழம்பிவிடும். இன்னொன்று துப்பாக்கி மாதிரி பிடித்து ஓட்டுவது. விரலால் விசையை அழுத்தினால் ஓடும், பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தால் திருப்பலாம். சிக்னல் அறுந்தால் வண்டி தானாக நின்றுவிடும். எது வேண்டும்?

மோட்டாரிலிருந்து எத்தனை ஒயர் வருகிறது என்று பார்த்து எழுது. இரண்டு என்றால் சாதாரண மோட்டார், மூன்று என்றால் வேறு வகை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டை அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பேட்டரி நிக்கல்தான் அனுப்புவேன். லித்தியம் வேகமாக ஓடும், ஆனால் வீங்கினால் தீப்பிடிக்கும். நீ குதிருக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற ஆள்.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? அப்பா சாப்பிடுகிறாரா?

அண்ணன்,
ஜோஸ்வா


நன்னிலம்
10.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு ஒயர், துப்பாக்கி செட் என்று நான் எழுதிய கார்டு கிடைத்து நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. நன்றி அண்ணா. வண்டியை ஆன் செய்வதற்கு முன் ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும் என்று நீ பெரிதாக எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து ஹுமைரா, "உன் அண்ணனுக்கு உன் மேல எவ்ளோ நம்பிக்கை" என்று சிரித்தாள்.

அவள் வீட்டு மாடியில் ஓட்டினோம். ஓடுகிறது அண்ணா. முதலில் சக்கரம் திரும்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் போர்டு பீப் பீப் என்று கத்துகிறதே, அதை நீ சொல்லவில்லை. வீட்டில் தலையணைக்குள் அமுக்கிக்கொண்டுதான் போட்டுப் பார்க்கிறேன்.

அம்மா வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்தார். முட்டி வீங்கியிருக்கிறது. யாருக்காக நடந்தார் என்று அப்பா கேட்கவில்லை. பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று கொண்டுவந்தார். தினமும் மழை பெய்கிறது, வண்டி நனைந்தால் என்ன செய்வது? அந்த மெழுகை உருக்கி ரிசீவரைச் சுற்றி ஊற்றி அடைத்துவிட்டேன். தண்ணீரும் போகாது, மாதாவும் காப்பாற்றுவார்.

லின்சி


நன்னிலம்
22.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாட்டிக்கொண்டேன்.

குறுவை அறுத்து ஈர நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தோம். கொள்முதல் நிலையத்துக்கு டோக்கன் வாங்க அப்பா போயிருந்தார். காவலுக்கு நானும் ஹுமைராவும். மேய்ச்சல் வாத்துகள் நெல்லுக்கு வந்துகொண்டே இருந்தன. விரட்டி விரட்டிக் கால் வலித்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று வண்டியை எடுத்து ஓடவிட்டேன். வாத்தெல்லாம் பறந்தன. ஹுமைரா கைதட்டினாள்.

நல்ல வெயில். அந்தப் போர்டும் ரிசீவரை ஒட்டியே சூடாக இருந்திருக்கிறது. மெழுகு உருகி, முன்சக்கரத்தைத் திருப்புகிற சர்வோவுக்குள் இறங்கிவிட்டது. வண்டி இடப்பக்கமாகவே சுற்றியது. அந்த நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டார். பயத்தில் விசையை விடுவதற்குப் பதில் இன்னும் அழுத்திவிட்டேன். நெல் முழுக்க வட்டம் போட்டு அப்பா காலில் போய் முட்டி நின்றது.

"ரிமோட்டு ஏது?" என்றார்.

நான் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஹுமைராதான், "எங்க அத்தா கடைக்கு வந்துச்சு மாமா" என்றாள்.

"உங்க அத்தா புளியும் பருப்புந்தானே விக்கிறாரு?"

கீழே உட்கார்ந்து வண்டியின் மூடியைக் கழற்றினார். உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே விரலை விட்டு மோந்து பார்த்தார்.

"மெழுகை யாரு ஊத்துனது?"

"நான்தாம்பா. மழையில நனையாம இருக்கட்டும்னு."

"ஒங்கம்மா கொண்டாந்த மெழுகா?"

தலையாட்டினேன். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அவன் இப்படிச் செய்யச் சொல்லியிருக்க மாட்டானே" என்றார்.

அவன் என்றார் அண்ணா. உன்னைத்தான்.

பிறகு இருட்டும்வரை ஈர்க்குச்சியை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். சரியாகவில்லை. ராத்திரி சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எப்படி எடுக்குறதுன்னு அவனுக்கு எழுதிக் கேளு. எழுத்துல புரியவைக்க முடியலைன்னா வந்து எடுத்துக் குடுக்கச் சொல்லு."

அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை.

வழக்கம்போலப் போர்வைக்குள்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இப்போதுதான் அந்த அறையிலிருந்து அப்பா, "லைட்டைப் போட்டுக்கிட்டு எழுது பாப்பா, கண்ணு கெட்டுரும்" என்றார்.

லைட்டைப் போட்டுவிட்டேன்.

உன் தங்கை,
லின்சி


ஓசூர்
26.9.2024

பாப்பாவுக்கு,

சர்வோவைக் கழற்றி நல்ல வெயிலில் கவிழ்த்து வைத்தால் பாதி மெழுகு வடிந்துவிடும். மீதியைப் பஞ்சால் துடைத்து எடுக்கலாம். நாலு வரியில் எழுதிப் புரியவைத்துவிடலாம்.

ஆனால் எழுத்தில் புரியவைக்க முடியாது என்று அப்பாவிடம் சொல்லிவிடு. வரும் செவ்வாய் இரவு பஸ் ஏறுகிறேன்.

உனக்கும் ஹுமைராவுக்கும் அவள் அத்தாவுக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. வந்து சொல்கிறேன். அம்மாவை முட்டி வலியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வரவேண்டாம் என்று சொல்.

அண்ணன்,
ஜோஸ்வா