இருபத்து மூன்றாம் கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம், அவள் முழங்கால் மட்டும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் என் மானம் போன கதை. எங்கள் பார்சல் ஆபீஸில் ஷிப்ட் மேற்பார்வையாளர் தேர்வுக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன் இல்லையா, சனிக்கிழமை அறைக்குள் நுழைந்ததும் மற்றக் கிளைகளிலிருந்து வந்த சின்ன வயசுக்காரர்கள் எல்லாம் சடசடவென்று எழுந்து வணக்கம் சொன்னார்கள். தேர்வு நடத்த வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். கிடைத்த மரியாதையைக் கெடுப்பானேன் என்று நானும் உட்காருங்கள் என்று கை காட்டிவிட்டு, மூன்றாவது பெஞ்சில் அவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே இருந்தாள், பாவம், அவளுக்கு ரெண்டு கேள்வி என்னால் போயிருக்கும்.

கேள்வியில் பாதி எழுத்தே இல்லாத படங்கள்தான். ஒன்பது உருவத்தைக் கொடுத்து, இனம் பார்த்து மும்மூன்றாகப் பிரிக்கச் சொல்வது, உனக்குத் தெரியாததா. இருபத்தாறு வருஷம் பார்சல் பிரித்த கைக்கு இதென்ன பிரமாதம் என்று வீட்டில் மார்தட்டியிருந்தேன். முகவரி எழுதின பார்சலையே மாற்றி அனுப்புகிற மனுஷன், முகவரி இல்லாத வட்டத்தை எங்கே அனுப்பப் போகிறாரோ என்றாள் உன் அம்மா. அப்புறம் அவளேதான் அலமாரி மேலிருந்த பெட்டியைக் காட்டி, ஏழாவதில் உதவித்தொகைத் தேர்வுக்கு நீ படித்த பயிற்சிப் புத்தகம் அதில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள் என்றாள். படித்தேன். இருபத்து மூன்றாம் கேள்வியில் தாள் கிழிந்திருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், கிழித்தது நான்தான். பின்பக்கத்து விடையைப் பார்த்து நீ போட்டது தப்பு என்றேன். நீ விடவில்லை. "வெளியில பாக்காதீங்கப்பா, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க" என்றாய். அச்சடித்தவனைவிட உனக்கு அதிகம் தெரியுமா என்று கத்தி, ரப்பரை வாங்கி நானே தாள் கிழியத் தேய்த்து அழித்தேன். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறேன், அன்றைக்கு நான் படித்தது இருபத்து நான்காம் கேள்வியின் விடை. ஒரு வரி தள்ளிப் படித்திருக்கிறேன். கண்ணாடி போட்டால் கிழவன் ஆகிவிடுவேன் என்று வீம்பாக அலைந்த காலம் அது. வெளியே நாலு வட்டம், மூணு சதுரம், ரெண்டு முக்கோணம், மும்மூன்றாகப் பிரியவே பிரியாது. உள்ளே பார்த்தால் மூன்றில் புள்ளி, மூன்றில் கோடு, மூன்றில் ஒன்றுமே இல்லை. தாளைச் சாய்த்தால் நீ அழுத்தி எழுதின எண்கள் இன்னும் பள்ளமாகத் தெரிகின்றன. விரலால் தடவிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நீ என்னோடு வாதாடினதே இல்லை, அதை நான் அடக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளை பார்த்தபோதும் உத்தியோகம், வீடு, உயரம் என்று நான் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்ட, நீ "வெளியில எல்லாம் சரியாத்தாம்ப்பா இருக்கு" என்று மட்டும் சொன்னாய். அப்புறமென்ன என்று நான் சிரித்தேன். நீங்கள் சொன்னால் சரி என்று எழுந்து போய்விட்டாய். அந்த வாக்கியத்தின் மறுபாதியை நான் கேட்டிருக்க வேண்டும்.

தேர்விலும் அதே மாதிரி ஒன்று வந்தது, உள்ளே பார்த்துத்தான் பிரித்தேன். பதவி வராவிட்டாலும் அந்த ஒரு மார்க் உன்னுடையது. நீ இனி எதைத் தீர்மானித்தாலும் யாரிடமும் விடையைச் சரிபார்க்க வேண்டாம், என்னிடம் கண்டிப்பாக வேண்டாம். மனசு ஆறி நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும். அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு போ.

போன வாரம் நீ போனில், கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது அப்பா, தனி வீடு பார்த்துவிட்டேன் என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். சொல்ல நினைத்தது வேறு. ரெண்டு தடவையும் நீ போட்டதுதாம்மா சரி, அழித்தது நான்.

இப்படிக்கு
அப்பா