கோட்டின் மேல் இருந்த நான்கு வீடுகள்

போன வாரம் தாலுகா அலுவலகத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பயிற்சி முடிந்து எழுந்தபோது, யாரோ மூலையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தார்கள். அந்துருண்டையும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாசனை வந்தது. அவ்வளவுதான். போன கணக்கெடுப்பின்போது போலவே எதிர் பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய், பென்சிலைக் கடித்துக்கொண்டு, மடியில் நம் ஊரின் வரைபடத்தை விரித்துக்கொண்டு.

இந்த முறை எல்லாமே கைபேசியில்தான். திரையில் கூரைகள்கூடத் தெரிகின்றன. போன கணக்கெடுப்பில் நமக்குக் கொடுத்தது, அதற்கும் முந்தைய கணக்கெடுப்புக்கு வரைந்த படத்தின் நகல். திருத்தணியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டிருந்தார்கள். வடக்கே ரயில் பாதை, தெற்கே மலைப்படிக்குப் போகும் தெரு என்று எல்லைகள். வேறு வேறு பள்ளி ஆசிரியைகளான நமக்கு அடுத்தடுத்த துண்டுகள் கிடைத்தன. நடுவே மெல்லிய நீலக் கோடாக ஓர் ஓடை.

"எங்க நைனா சொல்லுவாரு," என்று சிரித்தாய். "வீடு நவுரவே இல்லியாம், ஆந்திரா மட்டும் நவுந்து போயிடுச்சாம்." ஆந்திராவில் இருந்த திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததைத்தான் உன் அப்பா அப்படிச் சொல்வார்.

அந்த மாசி மாதக் காலைகள் இப்போது கனவு போலத்தான் நினைவில் இருக்கின்றன. பனி விலகாத மலையில் அடிவாரம் மறைந்து கோபுரம் மட்டும் மிதக்கும். எங்கோ தறி ஓடும் சத்தம். ஏதோ ஒரு சந்து முனையில் நீ தெரிவாய். கையை ஆட்டுவாய். அடுத்த கணம் அங்கே வெயில் மட்டும் இருக்கும்.

படத்தில் கோடாக இருந்த ஓடை தரையில் இல்லை. எப்போதோ தூர்ந்து, அதன் மேலேயே நான்கு வீடுகள் எழும்பியிருந்தன.

"அந்த நாலு வீடும் உன்னுது," என்றேன்.

"என் படம் அந்தாண்ட கரையோட முடிஞ்சுடுதுடி. உன்னுதுதான்."

வீட்டில் மாமியார் படுக்கையில் கிடந்தார். எனக்கு எப்படியாவது முடித்துவிட வேண்டும். "உன் வேலைய என் தலைல கட்டப் பாக்கறியா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். உன் முகம் சட்டென்று வாடியது. இரண்டு நாள் நாம் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நீ வந்தாய். வாசலில் செருப்பை விட்டு நேராக உள்ளே வந்து, என் படத்தைக் கேட்டு வாங்கி, இரண்டையும் சமையலறைத் தரையில் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தாய். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு எதிலும் சேராத இடம்.

"பாரு. நீயும் சரி, நானும் சரி. அதனாலதான் நாலு குடும்பம் ஊர்லயே இல்லாம போயிடுச்சு."

அன்று இருவரும் சேர்ந்தே போனோம். முதல் வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "போன தபாவும் யாரும் வர்லீங்க. ஆந்திராவா தமிழ்நாடான்னு கேட்டா சொல்லலாம். ஓடைக்கு இந்தாண்டயா அந்தாண்டயான்னு கேட்டா இன்னாங்க சொல்றது?"

கடைசி வீட்டுக்காரர் ஐந்து பேரைச் சொல்லி முடித்தார். நான் தாளை மடித்துவிட்டேன். நீயோ வீட்டுக்குப் பின்னால் சாய்வாக இறக்கியிருந்த சார்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அங்க யாருங்க?"

"அது எங்க பெரியப்பாவோட மொத சம்சாரங்க. சும்மா கூட இருந்துகினு இருக்குது. அத எழுத வேணாங்க."

நீ போய் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். பெயரைக் கேட்டாய். காது கேட்கவில்லை போலிருந்தது. இன்னும் நெருங்கிக் கேட்டாய். அவள் நெடுநேரம் உன்னையே பார்த்தாள்.

"ரத்தினம்மா," என்றாள். பிறகு, "எழுதிட்டியா?"

"ஆங், எழுதிட்டேம்மா."

எழுதிய வரியை அவளிடம் காட்டினாய். படிக்கத் தெரியாதவள் அதன் மேல் மெதுவாக விரலை வைத்தாள். நான் சந்தில் இறங்கி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சண்டையைப் பற்றி நீ அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ நோயில் படுத்தபோது அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் வந்தேன். பள்ளிக் கதை, பக்கத்து வீட்டுக் கதை என்று பேசிவிட்டுத் திரும்பினேன். பிறகு என்னைப் பார்த்தும் யாரென்று தெரியாத நாட்கள் உனக்கு வந்துவிட்டன. இப்போது எழுதுகிறேன்: தப்பு என் மேல்தான்.

இந்த முறை என் பங்கில் உன் தெருவும் வந்திருக்கிறது. இன்று காலை உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் கணவர்தான் திறந்தார். "வாம்மா" என்றவர், என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்ததும் புரிந்துகொண்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தான் பாயில் உட்கார்ந்தார்.

"வீட்ல எத்தினி பேருங்க?"

பதில் தெரிந்த கேள்வி. ஆனாலும் கேட்டாக வேண்டும்.

"மூ..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பினார். "ரெண்டு, டீச்சர். நானும் பாப்பாவும்."

என்றைக்கும் வாம்மா, போம்மா என்றே என்னிடம் பேசுகிற மனிதர், அப்போது மட்டும் என்னை டீச்சர் என்றார். நான் நாற்காலியை விட்டு இறங்கி, அவர் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். இரண்டு என்று பதிந்தேன். அடுத்த கேள்வி திரையில் வந்து நின்றது. அதைக் கேட்க எங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லை.