கூடம் கோணல்

மார்ச் 3, செவ்வாய்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் உள்ளரங்கத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஆட்டக்காரரை நிஜ உயரத்தில் வரையப்போகிறார்களாம். கழகம் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை எல்லாக் காலத்திலும் சிறந்தவர். ஒரே ஒருவர். தேர்ந்தெடுக்க மூன்று பேர்: செயலாளர், பயிற்சியாளர், பிறகு நான். இரண்டு வருடமாக ஆட்டங்களுக்குக் கடிகாரம் பார்க்கிறேனே, அந்தப் பாவத்துக்கு.

பட்டியலில் மூன்று பேர். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஆடிய 'ஒட்டகம்', இப்போது உயிரோடு இல்லை. இன்று ஆடிக்கொண்டிருக்கும் 'கொசு', இருபத்துமூன்று வயதுப் பெண். நடுவில் 'புலி'. அது என் கூடப் பிறந்த அண்ணன். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மிருகக்காட்சிசாலையைத் திறந்து விட்டிருக்கிறார்கள்.

"அண்ணன் பேரு இருக்கறப்ப நான் எப்படி சார்?" என்றேன். செயலாளர் சிரித்தார். "ஊரான் நிலத்தையெல்லாம் அளக்கறீங்க மேடம். வீட்டு ஆளை அளக்க மாட்டீங்களா?"

நில அளவைத் துறையில் இருபத்தாறு வருடம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

அலுவலகத்தில் டீ நேரத்தில் வாய்விட்டேன். வரைபடப் பிரிவுக்காரர், "அந்தக் காலத்து ஆளுங்க இப்ப ஆடினா பந்தையே தொட முடியாது" என்றார். பக்கத்து மேசைக்காரர், "இந்தக் காலத்துப் பசங்க அந்தத் தரையில ஆடினா முட்டி பேந்துடும்" என்றார். டீ ஆறியது. இருவர் சொன்னதும் சரி என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது?

மார்ச் 8, ஞாயிறு

காலை முழுக்க உள்ளரங்கத்தில். தூக்கம் போனாலும் போகட்டும், விஷயம் பிடித்துவிட்டது.

ஒட்டகத்தின் காலத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். தோல் பந்து, ஈரம் பட்டால் பூசணிக்காய் கனம் கனக்குமாம். கான்வாஸ் ஷூ. ஒரு ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்தாலே அணி ஜெயித்துவிடும், அதில் பாதி அவருடையது. கொசு போன வாரம் தனியாக முப்பத்தொன்று எடுத்தாள், அணி தோற்றது. இதில் யார் பெரியவர்?

கொசுவையே கேட்டேன். உயரம் என் காது வரைதான். எதிராளியின் கைக்கடியில் புகுந்து காதுக்குள் ரீங்கரித்துவிட்டுப் போவதால் அந்தப் பெயர்.

"ஒட்டகம் சார் என் தலைக்கு மேலயே போட்டுட்டுப் போயிடுவார்க்கா. ஆனா திரும்பி ஓடி வரதுக்குள்ள நான் மூணு தடவ போட்டுடுவேன்."

எங்கள் தொழிலில் முதலில் கேட்பது, 'எந்தக் கல்லிலிருந்து அளந்தாய்?' என்றுதான். கல் வேறானால் கணக்கே வேறு. இங்கே மூன்று பேருக்கும் பொதுவான கல் எது?

வளையம்! எல்லாம் மாறியிருக்கிறது, வளையத்தின் உயரம் மட்டும் மாறவில்லை. அன்றும் பத்தடி, இன்றும் பத்தடி. அப்பாடா.

மார்ச் 12, வியாழன்

மாலையில் அண்ணன் கடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்களுக்கு நிலைக்கண்ணாடியில் தங்கள் முகத்துக்கு மேல் ஒரு போட்டோவும் தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறான்: இருபத்திரண்டு வயது அண்ணன் அந்தரத்தில், இரண்டு கையாலும் பந்தை வளையத்துக்குள் திணிக்கிறான். எங்கள் கழகத்தில் முதன்முதலில் 'டங்க்' அடித்தவன் அவன்தான். பள்ளிச் சீருடையோடு கீழே உட்கார்ந்து நான் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

அதே வருடம் தேசிய அணித் தேர்வுக்குப் போனான். வேறு ஊர், பெரிய அரங்கம். போட்டதெல்லாம் வளையத்தின் முன் விளிம்பில் மோதித் திரும்பியது. டங்க் அடித்துக் காட்டச் சொன்னார்களாம். குதித்தான். பந்து விளிம்பில் இடித்து வாசல் வரை உருண்டு போனது. அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து புலி, 'உள்ளூர்ப் புலி' ஆனான்.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான். "அங்க ரிங் ஒசரமா இருந்துச்சுப்பா." அப்பா தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பிறகு அண்ணன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இரண்டு வருடத்தில் ஆட்டத்தையும் விட்டான்.

இன்று, "சுவர் விஷயம் எந்த அளவுல இருக்கு?" என்று ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே கேட்டான். எனக்கொன்றுமில்லை என்கிற குரல். அண்ணி உள்ளேயிருந்து, "தினம் கேக்கறாரு. புது சட்டை வேற எடுத்திருக்காரு" என்றார். அவன் அண்ணியை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "நீ என்ன, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கற? உனக்குக் கண்ணாடி வேணும். உக்காரு."

இன்னொரு நாள் என்று சொல்லி ஓடி வந்துவிட்டேன். ஐம்பத்தேழு வயதில் அவன் முகத்தில் இப்படி ஓர் ஆசையைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அவனுக்கே கிடைக்கட்டும். கிடைக்க வேண்டும்.

இப்படி எழுதுகிறவள்தான் நடுவராம்!

மார்ச் 14, சனி

ஒன்றும் புரியவில்லை. புரிந்ததாகத் தோன்றுவது பிடிக்கவில்லை.

அரங்கத்தின் நடைவழியில் பழைய போட்டோக்கள் இருக்கின்றன. ஒட்டகம் ஜன்னலோரம் நிற்கும் படம் ஒன்று. பூசாத செங்கல் சுவர். தொழில் புத்தி, வரிசையை எண்ணினேன். ஜன்னலுக்குக் கீழே தரை வரை ஒன்பது வரிசை. அண்ணன் டங்க் அடிக்கும் படத்தின் இன்னொரு பிரதியும் அங்கே இருக்கிறது. அதே ஜன்னல், ஏழு வரிசை. உள்ளே போய் நேரிலும் எண்ணினேன். ஏழு.

இரண்டு செங்கல் எங்கே போனது? எங்கும் போகவில்லை, தரை மேலே வந்திருக்கிறது. வாட்ச்மேன் சொன்னார்: நாற்பது வருடத்துக்கு முன் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்ததால் கான்கிரீட் போட்டு உயர்த்தி, மேலே பலகை பதித்தார்களாம்.

அப்போது வளையங்கள் சுவரில் பொருத்தியவை. தரை ஏறியது. வளையம்? இப்போதிருக்கும் நகர்த்துகிற கம்பங்கள் பிறகு வந்தவை, சரியான பத்தடி. ஆனால் பழைய வளையத்தின் இரும்புச் சட்டம் இன்னும் சுவரில் இருக்கிறது, பேனர் கட்ட. லேசர் மீட்டரை வைத்தேன். ஒன்பதரை அடி. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். ஒன்பதரைதான்.

என் அண்ணன் ஆடிய காலம் முழுக்க வளையம் அரை அடி தாழ்ந்து இருந்திருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

ஆட்டத்துக்கு முன் வளையத்தை அளந்து பார்ப்பார்களே, எப்படித் தெரியாமல் போனது? அந்த நாளைய செயலாளர் வீட்டுக்குப் போனேன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், உற்சாகமான மனிதர்.

"அளக்காம இருப்போமா? பத்தடிக் கம்பு ஒண்ணு வச்சிருந்தோம். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி ரிங்குக்கு அடியில நிறுத்திப் பாப்போம். புதுத் தரை போட்டப்புறம் கம்பு நிக்க மாட்டேன்னுடுச்சு. மரம்தானே, மழையில ஊறி நீண்டிருக்கும்னு அறுத்துட்டேன். அப்புறம் கச்சிதமா நின்னுச்சு."

"எவ்வளவு சார் அறுத்தீங்க?"

கையை விரித்துக் காட்டினார். முக்கால் சாண் இருக்கும்.

"துண்டு கூட ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் பாருங்க. நல்ல மரம்."

அவர் மனைவி காபியை வைத்தபடி, "இதை எங்கிட்ட எத்தனை தடவ பெருமையா சொல்லியிருக்காரு தெரியுமா?" என்றார். சிரித்தேன். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் ஸ்டோர் ரூமில் பார்த்தேன். இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

அப்போ அந்த டங்க்? பத்தடியில் அவனால் அடிக்க முடியாது. தேர்வில் முடியவில்லையே. அந்தப் போட்டோவை நம்பித்தானே இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தான்? நான் போய், 'அண்ணா, அது ஒன்பதரை' என்று சொல்ல வேண்டுமா? எதுக்கு இதைத் தோண்டினேன்? சும்மா கையைத் தூக்கி ஒரு பேரைச் சொல்லிட்டு வந்திருக்கலாம். யார் கேட்டா செங்கல் எண்ணச் சொல்லி? எல்லாம் இந்தப் பாழாப்போன புத்தி.

சொல்லாமல் விட்டால்? சுவரில் அவன் இருப்பான். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் எனக்கு மட்டும் அரை அடி உறுத்தும்.

மார்ச் 18, புதன்

அண்ணி போன் செய்தார். எடுக்கவில்லை.

மார்ச் 21, சனி

கொசுவின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் விழவில்லை அவளுக்கு. எல்லாம் முன் விளிம்பில் டங், டங்.

"என்னாச்சு உனக்கு?"

"என் தப்புதான்க்கா. பத்து நாளா பொடிசுங்களுக்கு கோச்சிங் குடுக்கறேன்ல, அவங்க ரிங் கீழ இருக்கும். கூடச் சேர்ந்து போட்டுப் போட்டு கை அதுக்குப் பழகிடுச்சு. இங்க வந்தா எல்லாம் கம்மியா போகுது. மண்டைக்குத் தெரியுது, கைக்குத் தெரியல. சரியாக ஒரு வாரம் ஆகும்."

முன் விளிம்பு.

எழுந்து நின்றுவிட்டேன். அண்ணன் போட்டதெல்லாம் முன் விளிம்பில்தான் மோதியது! வருடக்கணக்காக ஒன்பதரையில் பழகிய கை. ஒரே நாளில் பத்தடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால்? எங்கள் அணி உள்ளூரில் ஜெயித்து வெளியூரில் தோற்றதெல்லாம் இதனால்தானா? இங்கே வந்து ஆடியவர்களின் பந்து வளையத்தைத் தாண்டித் தாண்டிப் போனதே! அதற்கு நாங்கள் வைத்த பெயர், அரங்கத்து ராசி. ராசியாம்!

"அங்க ரிங் ஒசரமா இருந்துச்சுப்பா."

இருந்தது. அவன் கைக்கு அது உயரம்தான். பயந்தவன் பேச்சில்லை அது. அந்த வீட்டிலேயே சரியாக அளந்து சொன்னவன் அவன் ஒருவன்தான்.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கடையில் ஆளில்லை. ஒரு ஃபிரேமுக்கு ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தான். தரை, கம்பு, செங்கல், எல்லாம் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். போட்டோவைப் பார்த்தான்.

"அப்ப இது ஒம்பதரை."

"ஆமாண்ணா."

"இதைச் சொல்லத்தான் வந்தியா?" முகம் செத்துவிட்டது. ஒரு கணம் ஓடிவிடலாமா என்று இருந்தது.

"பாதிதான் சொல்லியிருக்கேன். டிரயல்ஸ்ல உனக்கு முன் விளிம்புல இடிச்சுதே, அது பயத்துல இல்லண்ணா. உன் கை இங்க பழகினது. அங்க ரிங் ஒசரம்தான். நீ சொன்னது சரி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், போட்டான், மறுபடி கழற்றினான்.

"அப்பாகிட்ட சொன்னேன்" என்றான்.

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"சொன்னேன்ல நான்? அன்னிக்கே சொன்னேன்ல?"

அழுதான். நானும்தான். கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா வாசலிலேயே தயங்கி நின்று, பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். என்ன நினைத்தாரோ!

ஏப்ரல் 4, சனி

அண்ணன் அரங்கத்துக்கு வந்தான், பல வருடத்துக்குப் பிறகு. புதுச் சட்டை, பழைய ஷூ. கொசு பந்தைத் தூக்கிப் போட்டாள். முதலில் முன் விளிம்பு. பிறகும் முன் விளிம்பு. கொசு, "இன்னும் அரை அடி சேத்து நெனச்சுக்கங்க சார்" என்றாள். எதையோ முணுமுணுத்துக்கொண்டு போட்டான். வலை மட்டும் அசைந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

"இப்பப் போனா செலக்ட் ஆயிடுவேன்" என்று மூச்சு வாங்க என்னிடம் சொன்னான். முழங்காலுக்கு இரவு தைலம் தேய்த்ததாக அண்ணி சொன்னார்.

போகும்போது செயலாளரிடம், தன் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறான். "கோபமில்ல சார். எனக்கு வேண்டியது கெடச்சுடுச்சு."

ஸ்டோர் ரூமிலிருந்து அந்த மரத்துண்டையும் கேட்டு வாங்கிப் போனானாம். ஜன்னல் இப்போது மூடிக்கொள்கிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

சுவர் முடிந்தது. ஒட்டகம். கொசுவே வேண்டாம் என்றுவிட்டாள். "நான் இன்னும் ஆடியே முடிக்கல, அதுக்குள்ள சுவத்துல ஏத்தாதீங்க." பயிற்சியாளர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

யார் பெரியவர் என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஒட்டகம் நின்ற தரை இதைவிட அரை அடி கீழே இருந்தது. அவரை அந்தத் தரையில்தான் நிறுத்த வேண்டும் என்று ஓவியரிடம் சொல்லிவிட்டேன். ஆகவே படத்தில் அவருக்குப் பாதம் இல்லை, கணுக்காலோடு நம் தரைக்குள் போய்விடுகிறார். "பெயிண்டர் காலை மறந்துட்டான்னு சொல்லுவாங்க மேடம்" என்று செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். சொல்லட்டும். கேட்கிறவர்களுக்குச் சொல்ல எனக்குக் கதை இருக்கிறது.

மாலையில் கண்ணாடி வாங்கியே தீருவது என்று அண்ணன் கடைக்குப் போனேன். கூட்டம். டங்க் போட்டோ அதே இடத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, இரண்டு ஆணியில், அந்த மரத்துண்டு. ஃபிரேம் போட்டுப் பார்த்த ஒருவர் அது என்ன என்று கேட்க, அண்ணன் வேலையை வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். மழை, கான்கிரீட், கம்பு, எல்லாம். டிரயல்ஸும். பந்து வாசல் வரை உருண்டதைக் கையால் உருட்டியே காட்டினான். கடையே சிரித்தது, அவனும்தான்.

"அப்ப இந்த போட்டோ பொய்யா சார்?" என்றார் அவர்.

"குதிச்சது நான்தானே சார்" என்றான் அண்ணன். "எனக்கு ஆடத் தெரியும். கூடம்தான் கோணல்."

அந்தப் பழமொழியை அப்பாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் வாயில் எடுத்ததில்லை. அண்ணி என்னைப் பார்த்தார், நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணன் அதற்குள் அடுத்த ஆளிடம் கதையை மறுபடி தொடங்கியிருந்தான். நான் கண்ணாடி வாங்காமலே வந்துவிட்டேன்.