முதலில் பார்த்தது இரண்டாம் பாகம்

அன்புள்ள கடுகுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தால் வேறெப்படி இருக்கும். நீ சுகமா என்று உன்னைக் கேட்க வழியில்லை, அண்ணன் சொல்லித்தான் தெரிகிறது. படம் வெளிவந்த வாரத்திலிருந்து நீ போனை எடுப்பதில்லை. 'அம்மா, நீயாவது உண்மையச் சொல்லு, முதல் பாகம் அளவுக்கு இருக்கா இல்லையா' என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினாய், அதோடு சரி. முதல் பாகத்தை எழுதினவர் ஒதுங்கிக்கொண்டு இரண்டாம் பாகத்தின் கதையை எழுத உன் கையில் கொடுத்தபோது எப்படிக் குதித்தாய், இப்போது நான்தான் கெடுத்துவிட்டேன், மூன்றாம் பாகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், இந்த மாசக் கடைசியில் சொல்லிவிட்டு எழுதுகிற வேலையையே விடப்போகிறேன் என்று அண்ணனிடம் அழுதாயாமே. உண்மையைக் கேட்டாய், உண்மையைத்தான் எழுதப்போகிறேன், இடையில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

ஊர் என்னதான் சொல்கிறது என்று எனக்கு முதலில் தெரிந்தாக வேண்டியிருந்தது, என் குணம்தான் உனக்குத் தெரியுமே. கீழே மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன், 'நல்லாத்தான் இருக்குக்கா, ஆனா மொத பாகம் மாதிரி வருமா' என்றார். எது வரவில்லை என்றேன். 'அது வந்து, அந்த இது இல்லக்கா' என்றார். எந்த இது என்றேன். நான் கேட்காமலே ஒரு தலைவலி மாத்திரையை எடுத்து நீட்டினார். துணி தேய்க்கிறவரைக் கேட்டேன், அவர் இன்னும் படமே பார்க்கவில்லையாம், ஆனாலும் 'மொத பாகம் அளவுக்கு இல்லையாம்மா' என்று எனக்காக வருத்தப்பட்டார். சரி, ஊர் வாயை மூட உலைமூடி ஏது, நாமே பார்த்துவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன், அவன் இரண்டு படத்தையும் நம் டிவியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டான்.

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். இரண்டு படத்துக்கும் வேறு வேறு பெயர், ஒன்று இரண்டு என்று நம்பரும் போடவில்லை, அது யார் யோசனையோ. ஒரு படத்தில் கதாநாயகி, அந்தப் பறக்கிற பெண்ணுக்குக் குட்டை முடி, இன்னொன்றில் இடுப்பு வரைக்கும் தொங்குகிறது. முடி வளரத்தானே செய்யும், அதனால் குட்டை முடிதான் முதல் பாகம் என்று நான் கணக்குப் போட்டேன், அப்பாவும் தலையாட்டினார். போட்டால் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதுதான் கதையே ஆரம்பிக்கிறது, பார்த்தீர்களா நான் சொன்னேனே என்றேன். அவளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதில் செத்துப்போகிறார், நான் அழுதேன். அடுத்த படத்தைப் போட்டால் அதே ஆள் ஜம்மென்று உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். இந்த மாதிரிப் படத்தில் செத்தவர் எழுந்து வருவதெல்லாம் சகஜம் என்று அப்பா விளக்கம் கொடுத்தார், நானும் அழுத அழுகை வீணாகப் போச்சே என்று விட்டுவிட்டேன். பிறகு அதில் ஒரு கயிறு அறுந்து லிஃப்ட் கீழே விழுகிறது, அப்பாவுக்கு அதோடு படம் முடிந்துவிட்டது, 'அத்தன கயிறுல ஒண்ணு அறுந்தா விழுமா, பிரேக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு' என்று படத்தை நிறுத்திவைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். அண்ணன் வந்து எப்படி என்று கேட்டபோது அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'மொத பாகம் பிரமாதம்டா, ரெண்டாவதுல சொதப்பிட்டாங்க, பாவம் நம்ம பொண்ணு.' அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். தலைகீழாகப் பார்த்திருக்கிறோம், அப்பா பிரமாதம் என்றது உன் படத்தை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், உடனே உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதற்குத்தான், ஏனென்றால் ராத்திரி படுத்த பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும்போது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா அது தெளிவா என்று கேட்பேன் இல்லையா, சிலர் எதைப் போட்டாலும் முதலில் போட்டதுதான் நன்றாக இருந்தது என்பார்கள். அதே லென்ஸைக் கழற்றி மறுபடி போட்டாலும் 'இது கொஞ்சம் மங்கல்மா' என்பார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை, அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் படுகிறது. மருந்துக்கடைக்காரருக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான், ஆகவே எங்கள் தீர்ப்பும் செல்லாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நீயே சொல்லிவிடுவாய். அதனால் லீவு நாளில் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து சரியான வரிசையில் மறுபடி பார்த்தேன்.

இதுதான் உண்மை. சிரிப்பு முதல் பாகத்தில்தான் அதிகம், அந்த மனுஷனுக்கு வேடிக்கை நன்றாக வருகிறது, உனக்கு அவ்வளவு வரவில்லை. உன் படத்தில் நடுவில் வரும் சண்டை ரொம்ப நீளம், நான் எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன், அதே கட்டடம் இன்னும் இடிந்துகொண்டிருந்தது. ஆனால் சக்தியெல்லாம் போன பிறகு அவள் மழையில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறாளே, பக்கத்தில் நிற்கிறவர் கொஞ்சம் தள்ளி நில்லும்மா என்கிறாரே, இவளும் தள்ளி நிற்கிறாளே, அந்த மாதிரி ஒரு இடம் முதல் பாகத்தில் தேடினாலும் கிடையாது. அப்பா அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். அதை எழுதின கை கெட்டுப்போன கை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். முதல் பாகத்தில் அவளுக்கு அம்மா என்று ஒருத்தியே கிடையாது, நீதான் கொண்டுவந்திருக்கிறாய், அதுவும் போனில் வெறும் குரலாக. சாப்பிட்டியா, கதவப் பூட்டினியா, மறுபடி போய்ப் பாரு என்கிறாள் அந்த அம்மா, அது யார் பேச்சு என்று எனக்குத் தெரியாதா. அப்புறம் பேசுறேம்மா என்று இவள் வைத்துவிடுகிறாள். தியேட்டரில் அதற்குச் சிரிக்கிறார்களாம், எனக்கு வலித்தது, மறைக்க மாட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் உலகத்தைச் சுற்றி வருகிறவள் படம் முழுக்க ஒரு தடவையாவது அம்மா வீட்டு மாடியில் இறங்கியிருக்க வேண்டாமா? மற்ற எல்லாவற்றையும் நம்பினேன், அதை மட்டும் நம்ப முடியவில்லை. மூன்றாம் பாகத்தை நீ எழுதினால் அவள் ஒருநாள் இறங்கினாலும் இறங்குவாள். வேறு ஆள் கையில் போனால் என்ன நடக்கும் என்று அண்ணனைக் கேட்டேன், 'மொத பத்து நிமிஷத்துல அம்மாவக் கொன்னுடுவாங்க, அப்பதான் கதாநாயகிக்குக் கோபம் வரும்' என்றான். அந்தப் பொம்பளையை உயிரோடு வைத்திருக்க உன்னை விட்டால் யாரும் இல்லை, மாசக் கடைசியில் பதில் சொல்லும்போது அதை நினைத்துக்கொள்.

எந்த ஊரில் இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் மனசு நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், லிஃப்ட் காட்சி எழுதும் முன் தன்னைக் கேட்கச் சொன்னார். வெயில் கண்ணாடி ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், பெட்டியிலேயே வைத்துவிடாதே.

என்றும் உன்
அம்மா