தலைகீழாய் ஒரு துலிப் பூ

உஸ்குதார்,
11 ஏப்ரல் 1994

அன்பு மகள் ஹந்தானுக்கு அப்பாவின் ஆசிகள்.

கொலோன் நகரில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே என் முழங்கால்கள் மட்டும் படியைக் கண்டால் முணுமுணுக்கின்றன. மேல்வீட்டு ஷூக்ரான் மூன்றாம் முறையாகத் தலைக்குச் சாயம் பூசி, இப்போது கத்தரிக்காய் நிறத்தில் உலவுகிறாள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீட்டில் என்னை ‘அண்ணே’ என்கிறாள். சில நாள் நான் பால்காரன். வெள்ளிக்கிழமை மட்டும்தான் நான் புருஷனாக இருந்தேன். நம் தெரு மசூதி முன்மண்டபச் சுவரில் நானூறு வருஷத்துப் பூப்போட்ட ஓடுகள் இருக்கின்றனவே, கல்யாணமான புதிதில் உதிர்ந்தவற்றைப் பதித்தவன் நான்தான். சுற்றிலும் கார்னேஷன் பூக்கள் வானம் பார்க்க, ஒரே ஒரு துலிப்பைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அதன் புடைத்த சிவப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து அம்மா வாராவாரம் கேட்பாள்: “துலிப்பைக் குடிகாரன் மாதிரி கவுத்து வெச்சவரு நீங்கதானே, ருக்நெத்தின்?” முப்பத்தொரு வருஷமாக அதே கேலி. கடைசிக் காலமாக என் பெயர் அவள் வாயில் வந்தது அங்கே மட்டும்தான்.

போன மாதம் பழுதுபார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் தலைவி, உன் வயதுதான் இருக்கும், எந்தக் கழுதை இதைப் பதித்தது என்று கேட்டாள். கழுதை பக்கத்திலேயே நின்று, புறாக்களை எண்ணுவதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம், மகளே. அந்த வயதுப் பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வது? துலிப்பை நிமிர்த்திவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சுவரை வெகுநேரம் பார்த்தாள். “என்ன நேர்த்தியா பதிச்சிருக்காங்க! எங்க வீட்டுக்காரருக்கு இப்படியெல்லாம் வராது. அவரை இன்னும் காணோமே, நீங்க பாத்தீங்களாண்ணே?”

“வந்துடுவாரும்மா” என்றேன்.

மறுநாளே போய், அந்தக் கழுதை நான்தான், பழையபடி கவிழ்த்து வையுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தாள். இன்னொரு முறை பெயர்த்தால் ஓடு நொறுங்கிவிடுமாம்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் வா. பதினாலு வயதில் நீ பின்னிய பச்சை ஸ்வெட்டர், ஒரு கை முழங்கால்வரை தொங்குமே, அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே, அது இன்னும் உன்னிடம் இருந்தால் போட்டுக்கொண்டு வா. அந்தக் கையை மட்டும் வெட்டிச் சரிசெய்துவிடாதே, தாயே.

இறைவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா
ருக்நெத்தின்